போன மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது?

சிறிய கணினி ஒன்றைப் பிரித்துத் தம் விருப்பப்படி மாற்றியமைத்த வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். பெட்டியின் பக்கவாட்டு உலோகத் தகட்டை எடுத்துவிட்டு அக்ரிலிக் பலகை பொருத்தியிருக்கிறார். பழைய பவர் சப்ளைக்குப் பதிலாகச் சிறிய போர்டு ஒன்றை வைத்து, கூடுதலாக ஒரு எஸ்எஸ்டியையும் உள்ளே சேர்த்திருக்கிறார். அதன்பின் வெளிப்புற ஹார்டு டிஸ்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் திணறுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யும்போதெல்லாம் ஹெட்போனில் கீச்சொலி கேட்கிறது. செப்பு நாடாவை உட்புறமெங்கும் ஒட்டிப் பார்த்ததில் நிலைமை இன்னும் மோசமானதாம். அது ஏன் என்று கேட்கிறார்.

மாறும் மின்னோட்டம் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும், அது பக்கத்துக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது 1831-இல் ஃபாரடே கண்டறிந்தது. பள்ளிப் பாடம் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். கணினிக்குள் மின்னோட்டம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். 12 வோல்ட்டை வாங்கிச் செயலிக்கு வேண்டிய ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் மாற்றிச் சுற்றுகள், விநாடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர் சுவிட்சுகளால் இயங்குகின்றன. 500 கிலோஹெர்ட்ஸ் என்பது பெரிய எண்ணாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் மூடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் சில நானோவிநாடிதான். அந்த நேரம் 3 நானோவிநாடி என்றால் இரைச்சல் ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் வரை வலுவோடு நீள்கிறது. பண்பலை வானொலி ஒலிபரப்பாவது அந்த இடத்தில்தான். மேலும், ஒரு சென்டிமீட்டர் கம்பிக்குத் தோராயமாக 10 நானோஹென்றி தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. அதில் 10 நானோவிநாடிக்குள் ஓர் ஆம்பியர் மாறினால் கம்பியின் இரு முனைகளுக்கிடையே ஒரு வோல்ட் எழும். பூஜ்ய வோல்ட் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் கறுப்பு கிரவுண்ட் கம்பிக்கும் இதே கணக்குதான்.

சுற்று வரைபடத்தில் மின்னோட்டம் போகும் கோட்டைக் கவனமாக வரைபவர்கள், அது திரும்பிவரும் பாதைக்கு ஒரு கிரவுண்ட் குறியைப் போட்டுக் கைகழுவிவிடுகிறார்கள். மின்னோட்டம் எங்கும் போய்ச் சேர்ந்து தங்குவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். எந்த வழியாகத் திரும்பும் என்று கேட்டால், மின்தடை குறைந்த வழியாக என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நேர்மின்னோட்டத்துக்கு அது சரிதான். உயர் அதிர்வெண்ணில் அந்த விடை தலைகீழாகிவிடுகிறது என்பதை எளிய சோதனை ஒன்று காட்டுகிறது.

ஒரு மீட்டர் நீளமுள்ள கோஆக்சியல் கேபிளை (நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி உறைபோல ஓர் உலோகப் பின்னல் கொண்டது) இருமுனைகளும் அருகருகே வருமாறு வளைத்து, இரு முனைகளிலும் உள்ள வெளிப் பின்னலைத் தடித்த, குட்டையான செப்புப் பட்டையால் இணையுங்கள். நடுக்கம்பியின் ஒரு முனையில் சமிக்ஞை மூலத்தையும் மறுமுனையில் ஒரு மின்தடையையும் பொருத்துங்கள். நடுக்கம்பி வழியே முழு நீளமும் போன மின்னோட்டத்துக்கு இப்போது திரும்பிவர இரண்டு வழிகள் உள்ளன: சில சென்டிமீட்டர் செப்புப் பட்டை அல்லது மீண்டும் ஒரு மீட்டர் பின்னல். குறைந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ முழு மின்னோட்டமும் பட்டை வழியே குறுக்கே பாய்கிறது. அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால், சில கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் பட்டையில் செருகிய மின்னோட்டமானியின் அளவீடு சரியத் தொடங்குகிறது. மின்தடை மிகக் குறைந்த குறுக்குவழி கண்ணெதிரே இருக்க, மின்னோட்டம் அதை ஒதுக்கிவிட்டு வந்த பாதையிலேயே சுற்றிக்கொண்டு திரும்புகிறது.

மின்னோட்டம் பட்டை வழியே திரும்பினால், போகும் பாதையும் திரும்பும் பாதையும் சேர்ந்து அகன்ற வளையம் ஒன்று உருவாகிறது. அந்த வளையத்துக்குள் காந்தப்பாயம், அதாவது வளையத்தை ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, நிறைகிறது. மின்னோட்டம் மாறும்போது பாயமும் மாறி, அந்த மாற்றத்தையே எதிர்க்கும் மின்னழுத்தத்தை வளையத்தில் தூண்டுகிறது. பின்னல் வழியே திரும்பினாலோ, போவதும் வருவதும் ஒன்றையொன்று தழுவியிருப்பதால் அவற்றின் புலங்கள் வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சூழப்படும் பாயம் சொற்பம், எதிர்ப்பும் சொற்பம். இந்த எதிர்ப்பு அதிர்வெண்ணோடு சேர்ந்து வளர்கிறது. மின்தடை அப்படி வளர்வதில்லை. எனவே ஓர் எல்லைக்கு மேல் வளையத்தின் பரப்பளவுதான் பாதையைத் தீர்மானிக்கிறது. எங்கும் ஒரு மேற்பார்வையாளர் இல்லாமல், எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் பங்கிட்டுப் பாய்ந்து, எதிர்ப்புக்கு ஏற்பத் தானாகவே மிகக் குறுகிய வளையத்தை மின்னோட்டம் கண்டுகொள்கிறது. மதர்போர்டின் உள்ளடுக்கில் முழுத் தகடாகக் கிரவுண்ட் செம்பை விரிப்பதும் இதற்காகத்தான்: மேலே உள்ள தடம் எப்படி வளைந்து போனாலும் அதன் நிழல்போல நேர் கீழே திரும்பும் மின்னோட்டம் வந்துவிடுகிறது. இதைவிட அழகான ஒன்றை மின்னியலில் நான் அறியேன்.

கணினியை மாற்றியமைப்பவர்கள் இந்த வசதியைத்தான் அறியாமல் பறித்துவிடுகிறார்கள். 12 வோல்ட் மஞ்சள் கம்பியைப் பெட்டியின் ஒரு மூலை வழியாகவும் கறுப்புக் கம்பியை எதிர்மூலை வழியாகவும் அழகுக்காகப் பிரித்துக் கட்டுவது, அல்லது கறுப்புக் கம்பியே வேண்டாம் என்று பெட்டியின் உடலில் ஒரு திருகாணியால் முடுக்கிவிடுவது இரண்டுமே பெட்டி அளவுக்கு அகன்ற வளையத்தை உருவாக்கும்; அது பக்கா ஆன்டெனா. இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோவதுதான் பரிகாரம். முறுக்கும்போது அடுத்தடுத்த சிறு வளையங்கள் எதிரெதிர்த் திசையில் அமைவதால், மிஞ்சிய புலமும் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதற்குக் காப்புரிமை பெற்றது 1881-இல். இன்றைய நெட்வொர்க் கேபிளிலும் அதே முறுக்குதான்.

ஹெட்போன் கீச்சொலிக்குக் காரணம் பெரும்பாலும் காற்றில் வருவதன்று. முன்பக்க ஆடியோ ஜாக்கின் கிரவுண்டும் புதிய பவர் போர்டின் கிரவுண்டும் ஒரே கம்பியை அல்லது பெட்டியின் ஒரே உலோகப் பகுதியைப் பகிர்ந்துகொண்டால், அந்தப் பொதுப் பாதையில் 10 மில்லி ஓம் மட்டுமே இருந்தாலும் 3 ஆம்பியர் பாயும்போது 30 மில்லிவோல்ட் விழும். ஒரு வோல்ட் அளவிலான ஒலிச் சமிக்ஞையின் நடுவே அது தெளிவாகவே கேட்கும். கிராஃபிக்ஸ் கார்டின் சுமை ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் ஏறி இறங்குவதால் அந்த ஏற்ற இறக்கம் செவிக்கு எட்டும் அதிர்வெண்ணில் விழுகிறது. ஆடியோ கம்பிக்குத் தனிக் கிரவுண்ட் கொடுத்து மதர்போர்டில் மட்டும் இணைப்பதும், ஜாக்கின் உலோகக் கழுத்தைப் பெட்டியிலிருந்து விலக்கி வைப்பதும் பெரும்பாலும் போதும். வெளியே பெருக்கியோடு இணைப்பவர்களுக்கு ஒளியிழை ஆடியோ இணைப்பு இருந்தால், இரு கருவிகளின் கிரவுண்டுகளும் சேர்ந்து உருவாக்கும் வளையமே அறுந்துவிடும். சுவர் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டி இரைச்சலைப் போக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இரைச்சல் போகும், பழுது நேரும் நாளில் உயிரும் போகலாம்.

இனி செப்பு நாடா. வயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை செம்புக்குள் ஒரு மைக்ரோமீட்டரைச் சற்று மீறிய ஆழத்திலேயே அடங்கிவிடும். எனவே மிக மெல்லிய நாடாவே தடிமனில் தாராளம். சிக்கல் விளிம்புகளில் இருக்கிறது. சாதாரண நாடாவின் பசை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று சேராமலும் பெட்டியோடு சேராமலும் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. மாற்றிச் சுற்றின் அருகிலுள்ள தீவு மின்தேக்கி விளைவால் (தொடாமலே, மின்புலம் வழியாக) இரைச்சலை வாங்கி, வயர்லெஸ் ஆன்டெனாவின் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. வாசகருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நாடாவின் மடிப்புகளைச் சாலிடர் செய்து, பெட்டியின் வண்ணப்பூச்சை நான்கைந்து இடங்களில் சுரண்டி வெற்று உலோகத்தோடு இணைத்தால்தான் அது கவசமாகும். அலுமினியப் பெட்டிகளின் அனோடைஸ் பூச்சும் மின்கடத்தாப் பொருளே. பளபளவென்று இருக்கும் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தும் மின்னியல்படி தொடாமலே இருக்கலாம்.

கவசத்தில் ஓட்டையின் பரப்பைவிட நீளம்தான் முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 6 சென்டிமீட்டர். அந்த நீளமுள்ள இடுக்கு, தலைமுடி நுழையும் அகலமே இருந்தாலும், ஏறத்தாழ திறந்த கதவுதான். நூறு சிறு துளைகள் உள்ள காற்றோட்டத் தகடு அதைவிடப் பல மடங்கு மேல். அக்ரிலிக் பலகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. பார்க்க அழகு, அலைக்கு வெட்டவெளி.

மவுஸ் திணறுவதற்கு யூஎஸ்பி 3.0 காரணம். விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் அந்தத் தரவின் ஆற்றல் 5 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்து கிடப்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை அதன் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில், ஹார்டு டிஸ்க் இணைத்ததும் அப்பட்டையின் இரைச்சல் 20 டெசிபெல் அளவுக்கு உயர்வதைக் காட்டியிருந்தது. சிற்றளவு மூலத்தை ஒட்டியுள்ள அண்மைப் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும் (தொலைவு இருமடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு) என்பதால், மவுஸ் ரிசீவரைச் சிறு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைப்பதே பெரும் பலன் தரும். கதிர்வீச்சை உறிஞ்சும் என்று விற்கப்படும் ஸ்டிக்கர்களை ஒட்டாதீர்கள். அவற்றில் உலோகம் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. இருந்தால் ஆன்டெனா கெடும். இவற்றை நம்பிச் செலவழிக்கும் மக்களைக் குறைசொல்வதைவிட, குறுக்கீட்டை அளக்கும் ஆய்வுக்கூடங்களை மாணவர்களுக்கும் பொழுதுபோக்காளர்களுக்கும் பொதுப்பணத்தில் திறந்துவிட்டால் நல்லது என்பது என் கருத்து.

ஆய்வுக்கூடம் இல்லாதவர்களுக்கு நடுஅலை வானொலிப் பெட்டி போதும். 1977-இல் வந்த டிஆர்எஸ்-80 கணினி சுற்றுப்புற வானொலிகளில் அவ்வளவு இரைச்சலைக் கிளப்பியதால், சில விளையாட்டுகள் பக்கத்தில் வைத்த ரேடியோவையே ஒலிபெருக்கியாகப் பயன்படுத்திக்கொண்டன. அமெரிக்காவின் புதிய குறுக்கீட்டு விதிகளுக்குள் அடங்காததால் 1981-இன் தொடக்கத்தில் அந்த மாடலின் உற்பத்தி நின்றது. நிலையம் இல்லாத இடத்தில் ரேடியோவைத் திருப்பி வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து வெளியேறும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் இரைச்சல் குறைகிறதோ அந்தக் கேபிளில், பெட்டியை ஒட்டி, ஃபெரைட் வளையத்தை (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான் வளையம்) மாட்டுங்கள். போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்தே வளையத்துக்குள் நுழைய வேண்டும். அப்போதுதான் தேவையான சமிக்ஞை தடைபடாமல், கேபிள் முழுவதையும் ஆன்டெனாவாக்கும் மிச்ச மின்னோட்டம் மட்டும் தடைபடும். கேபிளை இருமுறை சுற்றி நுழைத்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சுற்றுகளுக்கிடையிலான மின்தேக்கம் அந்தப் பலனைத் தின்றுவிடும் என்பதால் அங்கே ஒரே சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.