வழக்கு எண் தெரியுமா, தம்பி?

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், சட்டத்தரணியான என் அறைக்கு, நடக்கின்ற வழக்கு எதுவும் இல்லாமலே சிலர் வருவதுண்டு. அப்படி மட்டக்குளியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வயது 29. புறக்கோட்டையில் சரக்கு ஏற்றும் லொறி ஒன்றில் 7 வருடமாகக் கிளீனர். கார், வான் ஓட்டுவதற்கான சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது. லொறிக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன்.

“எனக்கு ரெக்கோட் இருக்கிறது மிஸ். விண்ணப்பித்தால் கிளறி எடுத்துவிடுவார்கள்.”

என்ன வழக்கு என்றால், தெருச் சண்டை. வழக்கு முடியுமுன் தடுத்துவைக்கும் விளக்கமறியலில் 14 நாள், பிறகு பிணை. அதன் பிறகு? “இரண்டு மூன்று தவணை போனேன். முடிந்துவிட்டது என்றார்கள்.” எப்படி முடிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. வழக்கு எண்ணும் தெரியவில்லை. 4 வருடமாக இந்த மனிதர் அடுத்தவர் ஓட்டும் லொறிக்குப் பின்னால் நின்று “வா, வா, போதும்” என்று கைகாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் பெயரையும் ஏறத்தாழத் திகதியையும் கொடுத்துத் தேடினோம். இரண்டு காலைப்பொழுதுகள் போயின. வழக்கேடு கிடைத்தது. மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்பட்டு, இரு தரப்பும் இணங்கி, அவர் விடுவிக்கப்பட்டிருந்தார். குற்றத்தீர்ப்பு என்று ஒன்று அவர் மீது எழுதப்படவே இல்லை.

விளக்கமறியல் தண்டனையாகாது. இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நம் நாட்டுச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம். ஆனால் குடியிருப்பிலும் தெருவிலும் “உள்ளே போய் வந்தவன்” என்று ஒரே பெயர்தான். அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, அந்த ஆளே அதை நம்பிவிடுகிறார்.

இதற்கு நேர்மாறானவர்களும் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை அதிகம். தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். “தண்டப்பணம் கட்டியதோடு சரி மிஸ்” என்பார் ஒருவர். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டுவது குற்றத்தீர்ப்புத்தான். “என்னை உள்ளே அனுப்பவில்லையே” என்பார் இன்னொருவர். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை அவருக்கு. அதுவும் குற்றத்தீர்ப்பே, குறித்த காலத்துக்குள் வேறொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் சேர்ந்து வந்து நிற்கும்.

காலை ஒன்பது மணிக்கு நீதிமன்ற வாசலில் “ஒப்புக்கொண்டுவிடு, மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்” என்று காதில் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். சில வேளை அவர் கறுப்புக் கோட்டும் போட்டிருப்பார், என் தொழிலைப் பற்றி நானே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் சம்பளம் போகக்கூடாது என்று ஒப்புக்கொண்டவர், வளைகுடா நாடொன்றில் டிரெய்லர் ஓட்டும் வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போதுதான் அந்த மத்தியானத்தின் விலையை அறிகிறார். இங்கிலாந்தில் குறித்த காலம் கழிந்தால் சில பழைய தண்டனைகளைச் சொல்லாமல் விட 1974 முதல் சட்டம் இடமளிக்கிறது. அதுபோன்ற சட்டம் இங்கே இல்லை.

ஆகவே ஒப்புக்கொள்வதற்கு முன்பே உங்கள் சட்டத்தரணியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு எனக்குப் பொருந்துமா? குற்றம் சிறியது, ஆள் இளையவர், முன்பு எதிலும் மாட்டாதவர் என்றால், குற்றத்தீர்ப்பு எழுதாமலே நிபந்தனையுடன் விடுவிக்க நீதவானுக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. எல்லா வழக்குக்கும் அது பொருந்தாது. ஆனால் கேட்காதவருக்கு அது தானாக வந்து சேர்வதும் இல்லை.

இனி லொறி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் சாரதி விண்ணப்பத்துக்குக் கேட்பது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், போக்குவரத்து மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றை. பொலிஸ் சான்றிதழைக் கேட்பதில்லை. 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு ‘சி1’ வகுப்பு. அதற்கு மேல் ‘சி’. கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவருக்கு ‘சிஈ’. பழைய களவு வழக்கோ அடிதடி வழக்கோ எழுத்துப் பரீட்சை மண்டபத்துக்குள் உங்களோடு வராது. மது அருந்தி ஓட்டிய வழக்கு வேறு. அதில் நீதிமன்றம் அனுமதிப்பத்திரத்தையே இடைநிறுத்தலாம், இரத்தும் செய்யலாம். அப்படி இடைநிறுத்திய காலத்துக்குள், முதலாளி வற்புறுத்தினார் என்று ஸ்டியரிங்கைத் தொட்டால் அது புதிய வழக்கு. கட்டளையில் எழுதியிருக்கும் திகதியை வீட்டுக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

உண்மையான தடை முதலாளியின் மேசையில் இருக்கிறது. லொறி ஒரு பெறுமதி, உள்ளே இருக்கும் சரக்கு அதைவிடப் பெரிய பெறுமதி. “ஆள் யார், யாருக்குத் தெரியும்?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் கேட்பார், சிலர் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் விசாரிப்பார்கள். துறைமுகத்துக்குள் போகும் வேலையென்றால் அனுமதி அட்டையும் வேண்டும். பொலிஸ் புத்தகத்தில் கைது மட்டும் இருந்து, வழக்கு முடிந்த விதம் ஏறாமல் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்போது உங்களுக்காகப் பேசுவது, வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி மட்டும்தான்.

குற்றத்தீர்ப்பு உண்மையிலேயே இருந்தால்? மறைக்காதீர்கள். கேட்கும்போது பிரதியை நீட்டி, இரண்டே வசனத்தில் சொல்லுங்கள். அழுது கதை சொல்ல வேண்டாம். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு முதலாளி என்னிடமே சொன்னார்: “செய்தது தெரிந்தால் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் மாதம் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவன் வந்து என் காதில் சொன்னால், அன்றே சாவியை வாங்கிவிடுவேன்.” அவரிடம் இப்போது ஓட்டும் ஒருவர் களவு வழக்கில் ஒன்றரை வருடம் வெலிக்கடைச் சிறையில் இருந்தவர். முதல் 6 மாதம் கொழும்புக்குள் மட்டும், அதுவும் முதலாளியின் மைத்துனர் பக்கத்து ஆசனத்தில். பிறகு தம்புள்ளைக்குத் தனியாக அனுப்பினார்.

மட்டக்குளித் தம்பி பிரதியை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். சென்ற கிழமை தொலைபேசியில் பேசினார். மருத்துவச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, எழுத்துப் பரீட்சையும் முடிந்தது, வெரஹெரவில் உள்ள திணைக்கள அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. பயமா என்று கேட்டேன். பின்னால் எடுப்பதற்குத்தான் பயம், கைகாட்டிப் பழகிய அளவுக்கு ஓட்டிப் பழகவில்லை என்றார்.