லிரிக்: சொல்லும் அதன் தமிழும்

இன்று 'லிரிக்ஸ் யார்?' என்று கேட்டால் பாடலாசிரியர் பெயரைச் சொல்வார்கள். இந்தச் சொல்லின் வேர் 'லைரா' என்ற கிரேக்க நரம்புக் கருவி. லைராவுக்கு உரியது 'லிரிகோஸ்'. அதாவது, மீட்டிக்கொண்டு பாடும் பாட்டு.

வேடிக்கை என்னவென்றால், கி.மு. 600 வாக்கில் லெஸ்போஸ் தீவில் காதல் பாடல்கள் கட்டிய சாஃபோவின் காலத்தில் இந்தப் பெயர் வழக்கில் இல்லை. அன்று அது 'மெலோஸ்'. மெலடி என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதுதான். சில நூற்றாண்டுகள் கழித்து எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்துக் கிரேக்க அறிஞர்கள் பழைய பாடல்களைத் தொகுத்து, சாஃபோ, அல்கையஸ், அனக்ரியோன் உட்பட ஒன்பது பேரை லிரிக் கவிஞர்கள் என்று வரிசைப்படுத்தினார்கள். சாஃபோவின் மெட்டில் ஒரு சுரம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. சொற்களும் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் மிஞ்சின.

இசை போன பிறகு சொல்லின் பொருளும் நகர்ந்தது. 'நான்' என்று மனம் திறந்து பேசும் சிறு கவிதை எதுவும் லிரிக் ஆனது. தமிழ்த் திறனாய்வாளர்கள் 'தன்னுணர்ச்சிப் பாடல்' என்று பெயர்த்தது இந்தப் பிற்காலப் பொருளைத்தான். சாஃபோவுக்கு அது ஓரளவு பொருந்தும். தெய்வம் தன்னைப் பெயர் சொல்லி அழைப்பதாகவே பாடியவர் அவர். ஆனாலும் அந்தத் தமிழ்ப் பெயரில் நரம்பின் ஓசை இல்லை.

அந்த ஓசையை இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் புதிதாக உண்டாக்கினார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இத்தாலியரான லூயிஜி டல்லாபிக்கோலா. கவிஞர் சால்வதோரே குவாசிமோதோ 1940-இல் கிரேக்க லிரிக் கவிதைகளை இத்தாலியனில் வெளியிட்டார். போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, டல்லாபிக்கோலா அவற்றுக்கு இசையமைத்தார்: சாஃபோவின் ஐந்து துண்டுகள், அல்கையஸின் ஆறு, அனக்ரியோனின் இரண்டு. பழைய கிரேக்க இசையைப் போலி செய்யும் வேலையே இல்லை. பன்னிரு சுர முறையில் எழுதினார்; பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, எதற்கும் முதன்மை தராமல் கையாளும் நவீன முறை அது. அனக்ரியோன் பாடல்களில் குரலுக்குத் துணை இரண்டு கிளாரினெட், ஒரு வயோலா, ஒரு பியானோ மட்டும்.

அவற்றில் ஒன்றில் காதல் தெய்வம் ஈரோஸ் கவிஞனைப் பெரிய கோடரியால் அடித்துக் குளிர்கால ஓடையில் தள்ளுகிறான். கிரேக்க மூலத்தில் அவன் கொல்லனைப் போல அடிக்கிறான். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கும் வேலை. குவாசிமோதோ அவனை மரவெட்டி ஆக்கிவிட்டார். ஓடை எதற்கு என்ற காரணமே போய்விட்டது! பாடகியின் குரலில் இன்று ஒலிப்பது அந்த மரவெட்டிதான்.

சரி, தமிழில் எதை எழுதலாம்? சினிமாப் பாட்டுக்குப் 'பாடல் வரிகள்' போதும். வாசிக்கும் கவிதை வகைக்குத் 'தன்னுணர்ச்சிப் பாடல்' இருக்கட்டும். கிரேக்கப் பாடல்களுக்கு 'இசைப்பா' என்பதே என் தேர்வு. ஒன்பதாம் திருமுறையின் திருவிசைப்பாவில் உள்ள அதே சொல். பாடுவதற்கென்றே பிறந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடும். 'யாழ்ப்பா' என்று புதிதாக ஆக்க எனக்குத் தயக்கம் உண்டு. பழந்தமிழ் யாழ் வில் வடிவில் வளைந்த ஹார்ப் இனம். லைராவுக்கோ இரண்டு கைகள், குறுக்கே ஒரு சட்டம், அதிலிருந்து இறங்கும் நரம்புகள். மொழிபெயர்ப்பில் லைராவை லைரா என்றே எழுதிவிடலாம்.