கொன்னூபியோ: காவூர் பிரபு செய்த சம்பந்தம்

இத்தாலிய அரசியல் வரலாற்றில் 1852ஆம் ஆண்டுக்கு வந்தால் 'கொன்னூபியோ' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. நேர்ப்பொருள் திருமணம். ஆனால் சேர்ந்தவர்கள் இரண்டு அரசியல்வாதிகள்: காவூர் பிரபு கமீல்லோ பென்சோ, வழக்கறிஞர் உர்பானோ ரத்தாட்ஸி. இதில் காவூர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பது வேடிக்கை.

சொல்லின் வேர் லத்தீன். 'கொன்' என்றால் உடன். 'நூபெரே' என்பது பெண் மணம் புரிவதைக் குறிக்கும் வினை. ரோமானியச் சட்டத்தில் 'கொனூபியும்' என்பது சட்டப்படி மணம் செய்துகொள்ளும் உரிமை. மேட்டுக்குடியினருக்கும் பொதுக்குடிகளுக்கும் இடையே அந்த உரிமை கி.மு. 445இல்தான் கிடைத்தது. கொள்வினை கொடுப்பினை என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

சரி, காவூர் கதைக்கு வருவோம். 1810இல் தூரின் நகரில் பிரபுக் குடும்பத்தின் இளைய மகனாகப் பிறந்தவர். ராணுவப் பொறியாளர் வேலையை 1831இல் உதறிவிட்டு, பின்னர் லேரியில் குடும்ப நிலத்தில் நெல் விளைவித்தார். அப்புறம் பத்திரிகை, நாடாளுமன்றம், பிரதமர் தஸேலியோவின் அமைச்சரவையில் நிதித்துறை. 1851 டிசம்பரில் பிரான்சில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியதும், காவூரின் நாடான பியட்மான்டிலும் (இத்தாலி ஒன்றுபடுமுன் அதன் வடமேற்கில் இருந்த அரசு) பழமைவாதிகள் அரசியல் சாசனத்தில் கை வைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்தது. வலதுசாரிகளில் மிதவாதிகளான வலதுசாரி நடுவணியில் இருந்த காவூர், பிரதமருக்கே சொல்லாமல் இடதுசாரி நடுவணித் தலைவர் ரத்தாட்ஸியோடு கைகோத்தார். எரிச்சலடைந்த வலதுசாரிகள் கேலியாகச் சொன்னதுதான் 'கொன்னூபியோ'. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மே மாதம் காவூரின் ஆதரவோடு ரத்தாட்ஸி அவைத்தலைவரானார். தஸேலியோ கொதித்தார், காவூர் பதவி விலக நேர்ந்தது. ஆனால் நவம்பரில் அவரே பிரதமர்! 1855இல் மடங்களின் சொத்தில் கைவைத்த சட்டம் நிறைவேறியதும் இந்தப் பெரும்பான்மையால்தான். இதற்கிடையில் காவூரின் அமைச்சராகியிருந்த ரத்தாட்ஸி, 1858 தொடக்கத்தில் அமைச்சரவையை விட்டு விலகினார்.

தமிழில் 'கூட்டணி' என்று போட்டால் பொருள் புரியும், நக்கல் போய்விடும். தேர்தல் கணக்குக்காகச் சேரும் தனித்தனிக் கட்சிகள் என்ற நினைப்பும் வந்துவிடும். இங்கே இரு நடுவணிகளும் ஒரே பெரும்பான்மையாகக் கலந்தன. 'சம்பந்தம்' கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் அது வடசொல். தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'மணவுறவு' என்பேன். ரோமானியச் சட்டப் பொருளுக்கு 'மணவுரிமை'. இன்றைய இத்தாலியில் கலையும் இயற்கையும் பொருந்தி வருவதைக்கூட இச்சொல்லால் குறிப்பார்கள். அங்கே 'இணைவு' போதும்.