புல்வெளிக்கு ஏன் கடைசி இடம்?

நீலகிரிக்குக் களப்பயணம் போகும்போதெல்லாம் புவியியல் மாணவர்களிடம் ஒரு படிவம் கொடுத்து, நிலக்காட்சிகளுக்கு மதிப்பெண் போடச் சொல்வேன். இரைச்சல்–அமைதி, வறண்டது–செழிப்பானது என்று எதிரெதிர்ச் சொற்கள். மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை. முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். தேயிலைத் தோட்டமும் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பும் முன்னால் நிற்கும். உறைபனியில் கருகிப் பழுப்பேறிய புல்வெளி கடைசிக்குப் போய்விடும். “அங்க ஒண்ணுமே இல்லையே சார்” என்பார்கள்.

அந்த இடத்தை நம்பித்தான் வரையாடு வாழ்கிறது. தோடர்களின் எருமைகளுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். புல்வெளியும் பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைக்காடும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. பவானி ஆற்றுக்கு நீர் வருவது இந்த மேட்டுநிலத்திலிருந்துதான்.

வெள்ளைக்காரர் காலத்திலும் இந்தப் புல்வெளி வெற்று நிலமாகத்தான் தெரிந்தது. விறகுக்காகக் கற்பூர மரமும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும் (வாட்டில் மரம்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. சீகை தானாகவே பரவும் மரம். அதன் அடர்ந்த நிழலில் புல் பிழைக்காது. இன்று அதே சீகையை வெட்டி எடுத்துப் புல்வெளியை மீட்கப் பாடுபட வேண்டியிருக்கிறது. நிலத்தைத் தப்பாக மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாணவர்கள் கண்ணெதிரே பார்க்கக்கூடிய சாட்சி இது.

அதனால் மதிப்பெண்ணைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும்: சரிவு, மண், நீர், செடிகொடி, கட்டடம், காதில் விழுவது, மூக்கில் ஏறுவது. ‘அழகான’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அப்புறம் அந்த நிலத்தில் புழங்குகிறவர்களிடம் பேச வேண்டும். சுற்றுலாப் பயணிக்குப் பச்சைக் கம்பளமாகத் தெரியும் சரிவு, அதில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அட்டைக்கடியும் முதுகுவலியும்தான். இரண்டையும் குறித்துக்கொண்ட பிறகுதான் எண் போடலாம். ஒரே இடத்துக்கு ஒருவர் மைனஸ் 2, இன்னொருவர் பிளஸ் 2 கொடுத்திருந்தால் சராசரி எடுத்து முடித்துவிடக் கூடாது. இருவரையும் எழுப்பிக் காரணம் கேட்க வேண்டும். வகுப்பில் உண்மையான பாடம் நடப்பது அப்போதுதான்.

சரி, ஆயத்தமான மதிப்பெண் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 1968-இல் புவியியலாளர் டேவிட் லிண்டன் ஸ்காட்லாந்துக்காக ஒன்று தயாரித்தார். அதில் மலைக்கு 8, தாழ்நிலச் சமவெளிக்கு 0. இடைவெளியில்லாத காட்டுக்கு மைனஸ் 2, நகரத்துக்கும் தொழிற்பகுதிக்கும் மைனஸ் 5. நம் மாணவர்கள் தூக்கிவைத்த கற்பூர மரத் தோப்பு இதில் கீழே இறங்கிவிடும், அது நல்லதுதான். ஆனால் காவிரிப் படுகையின் நில அமைப்புக்கு இதில் கிடைப்பது சுழி! மேடு பள்ளமான ஊரில் நடந்து பழகிய கண்ணின் அளவுகோல் அது. முறையைக் கற்றுக்கொடுக்கலாம், எண்களை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும் குழுவில் உட்காருவார்கள். ‘தரிசு நிலம், குறிப்பிடத்தக்க தாவரங்கள் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்த இடத்துக்காகப் பேச அதற்குப் பிறகு ஆள் கிடைப்பது கஷ்டம்.

மலைக்குக் கூட்டிப்போக வசதி இல்லாத ஆசிரியர்கள் கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் நிறைந்த டிசம்பரில் ஒருமுறை, வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில் ஒருமுறை, அதே படிவத்தோடு அழைத்துப் போங்கள். மே மாதப் படிவத்தை நிரப்பும்போது டிசம்பர் படிவத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.