மதர்போர்டுக்கு எதற்கு ராம் பட்டியல்?

காரைக்குடியில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கணினியில் டிடிஆர்4 வகை ராம் இரண்டு இருந்தது. அதே 3200 வேகத்தில் வேறு கம்பெனி ராம் இரண்டு வாங்கிச் செருகினேன். திரையே வரவில்லை. போர்டுக்கும் ராமுக்கும் ராசியில்லை என்கிறார் கடைக்காரர். போர்டு கம்பெனி வெளியிடும் ராம் பட்டியலில் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?"

ராமில் உள்ள குட்டிச் சிப் ஒன்றில் அதன் வேகமும் மின்னழுத்தமும் எழுதியிருக்கும். கணினியை எழுப்பும் போர்டு மென்பொருளான பயாஸ் அதைப் படித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பே போதுமென்றால் பட்டியலுக்கு வேலையே இருந்திருக்காது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

3200 வேகத்தில், அதாவது ஒரு கம்பியில் வினாடிக்கு 320 கோடி பிட் போகும்போது, ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 312 பைக்கோ வினாடி. ஒரு பைக்கோ வினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்குள் மின்குறிப்பு போர்டில் சுமார் 5 செ.மீ.தான் போகும். ராமின் நீளமோ 13 செ.மீ.! டிடிஆர்3 காலத்திலிருந்தே, சிப்புகளுக்குத் தாளம் போடும் கடிகாரத் துடிப்பு ராமில் உள்ள சிப்புகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகிறது; தரவு மட்டும் ஒவ்வொரு சிப்புக்கும் தனிக் கம்பியில் நேரே வருகிறது. செட்டிநாட்டுப் பந்தியில் சோறு முதல் இலையிலிருந்து கடைசி இலைக்கு நகரும்போது, பருப்பும் அந்தந்த இலைக்குச் சோறு விழும் நேரத்தில் வந்தாக வேண்டும் என்பது போல.

இதைப் பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி எப்படிச் சரிசெய்கிறது தெரியுமா? ஒரு சிப்புக்குத் தரவு வரும் பக்கமாகத் தனித் துடிப்பு ஒன்றை அனுப்பி, "இது வந்தபோது கடிகாரம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா?" என்று கேட்கிறது. சிப் 0, அதாவது கீழே, என்கிறது. துடிப்பை இம்மியளவு தாமதித்து மறுபடி கேட்கிறது. இன்னும் 0. மேலும் தாமதிக்கிறது. பதில் 1 ஆக மாறும் கணம்தான் அந்தச் சிப்புக்கான சரியான நேரம்! இப்படி ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனித் தாமதம். படிப்பதற்கும் இதுபோல் வேறு அளவீடுகள் உண்டு. விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே, யாரும் பார்க்காமல் நடந்து முடியும் இந்தக் கேள்வி பதில் எனக்கு எப்போதும் வியப்பு.

இந்தத் தேடல் எல்லா ராமிலும் வெற்றி பெறாது. போர்டின் செப்புத் தடங்கள், சிப்பைச் செய்த நிறுவனம், பயாஸ் பதிப்பு எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. நான்கு ராம் போட்டால் கம்பிகளின் சுமை கூடி, பிழையைத் தாங்கும் நேர இடைவெளி இன்னும் குறுகும். அதனால்தான் போர்டு கம்பெனி ராம்களை வாங்கி, உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்தில், எத்தனை ராம் வரை நின்றது என்று பட்டியலில் எழுதுகிறது. பட்டியலில் இல்லாத ராம் ஓடாது என்று அர்த்தமில்லை. அதை அவர்கள் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.

அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை ராசி என்று சொல்லி முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதுவும் காரைக்குடியில்! இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். மதர்போர்டின் துளைகளில் செப்புப் பூசுவதும் மின்வேதியியல்தான். இன்றைய செல்வந்தர்களும் கோயில் திருப்பணியோடு ஆய்வுக்கூடத்துக்கும் கொடுக்க வேண்டும்.

வாசகருக்கு: முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். பழைய இரண்டு ராமோடு பயாஸுக்குள் போய் வேகத்தை 2666க்கு இறக்கிவிட்டு, புதியவற்றைச் செருகிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கலக்க வேண்டாம். பட்டியலில் நான்கு ராமுக்கும் சோதித்ததாகக் குறித்திருக்கும் ஒரே செட்டாக வாங்குங்கள்.