லேப்டாப் உங்களுடையது, சாவி யாரிடம்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் போகிற வழியில் கடைக்குள் தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஐ5 போதுமா, ஐ7 எடுக்கணுமா?" என்று கேட்பார்கள். ஐ7 என்ற பிராசஸர் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த ஜெனரேஷன் என்று பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப் ஐ7-ஐ இன்றைய ஐ3 சுலபமாக முந்திவிடும். பில் போட, பாடம் நடத்த, பத்திரம் அடிக்க, ஃபைல்களைச் சேமித்து வைக்க ஒரு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் போதும். 16 இருந்தால் நிம்மதி. அந்த ராம் விலைதான் 2025 கடைசியில் இருந்து எகிறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் நம்ம ஊரில் விலை ஏறுகிறது என்று சொன்னால், "நீரு வெலய ஏத்திட்டு அமெரிக்காக்காரன் மேல பழியப் போடுதீரா?" என்று சிரிக்கிறார்கள். உண்மை அதுதான், என்ன செய்ய.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்று செய்தி வந்த வாரம், மேலப்பாளையத்தில் இருந்து ஒருவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "நாளையிலேருந்து ஓடாதாம்லா?" ஓடும். வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். அதையும் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை தருவதாக அறிவித்திருந்தார்கள். பதிவு செய்து கொடுத்தேன். துண்டை மறந்துவிட்டுப் போனார்.

இதில் எல்லாம் யாருக்கும் வயிறு எரிந்ததில்லை. வயிறு எரிந்து நான் பார்த்தது அதற்கு அடுத்த மாதம்.

ஒரு பெண் வந்தார். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர். இரண்டடி பின்னால், தலையைக் குனிந்துகொண்டு அவர் தம்பி. லேப்டாப் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆன் செய்தால் நீலத் திரை. மேலே 'பிட்லாக்கர் ரெக்கவரி' என்று எழுத்து. கீழே ஒரு நீளமான கட்டம், 48 இலக்க எண்ணைப் போடு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஆறு ஆறாக எட்டுக் கூறு.

"பாஸ்வேர்டு தெரியும்ணே. ஆனா அது இதக் கேக்கல" என்றார்.

தம்பியிடம் கேட்டேன். கேம் விளையாடும்போது திக்கித் திக்கி ஓடுகிறது என்று ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்குக்குள் போய், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பை அணைத்தால் சரியாகும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. சில ரைசன் பிராசஸர்களில் அப்படி ஒரு கோளாறு இருந்ததை 2022-இல் ஏஎம்டி கம்பெனியே ஒத்துக்கொண்டு பயாஸ் அப்டேட்டில் சரிசெய்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய நோய்க்கு, நோயே இல்லாத லேப்டாப்பில் வைத்தியம் பார்த்திருக்கிறான். அணைத்ததோடு விட்டிருந்தால்கூட நான் திரும்ப ஆன் செய்து பார்த்திருப்பேன். பயாஸில் மாற்றியதைப் பழையபடி வைத்தாலே பல லேப்டாப் பேசாமல் திறந்துகொள்ளும். இவன் சிப்பையே துடைக்கும் 'கிளியர்' என்று இருந்ததையும் அமுக்கியிருக்கிறான். எச்சரிக்கை கேட்டிருக்கும். ஆமாம் என்று தட்டியிருப்பான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டியில் இருக்கும் எல்லாவற்றையும் விண்டோஸ் பூட்டி வைக்கிறது. பூட்டு என்றால் லாகின் பாஸ்வேர்டு இல்லை. ஒவ்வொரு பைட்டும் உருமாறி, சாவி இல்லாதவனுக்கு வெறும் குப்பையாகத் தெரியும். அந்தச் சாவியை இந்த டிபிஎம் சிப் பத்திரமாக வைத்திருக்கும். சில லேப்டாப்பில் அது தனிச் சிப், பலவற்றில் பிராசஸருக்குள்ளேயே அடக்கம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், பயாஸ் நேற்றுப் பார்த்த மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கும். மதர்போர்டு மாறினாலோ சிப்பைத் துடைத்தாலோ கொடுக்காது. அப்போதுதான் அந்த 48 இலக்க மாற்றுச் சாவியை உங்களிடம் கேட்கிறது.

இந்தப் பூட்டுக்குப் பெயர்தான் பிட்லாக்கர். அது புதிது இல்லை, விஸ்டா காலத்தில் இருந்தே உண்டு. முன்பு கம்பெனிகளில் வேண்டும் என்று போட்டுக்கொண்டார்கள். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இருந்து, புதிதாக ஓஎஸ் ஏறும் பெரும்பாலான லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்ததும் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. ஹோம் பதிப்பில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர். மாற்றுச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்த மெயில் ஐடி போட்டார்களோ, அந்தக் கணக்கில்.

2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியின் அப்டேட் சொதப்பி, உலகம் முழுக்க 85 லட்சம் கம்ப்யூட்டர் நீலத் திரையில் நின்றது ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் பெரிய பெரிய கம்பெனி ஐடி ஆட்களே பல இடங்களில் இந்தச் சாவியைத் தேடித்தான் அலைந்தார்கள்.

நம்ம ஊருக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, ஜங்ஷன், சிந்துபூந்துறை பக்கம் இருந்து சேறு வடிய வடியக் கம்ப்யூட்டர்கள் என் கடைக்கு வந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஒருவர் எஸ்எஸ்டியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் புதைத்துவைத்து எடுத்து வந்தார். முனையெல்லாம் தவிடு. அரிசி ஒன்றும் செய்யாது, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். தேறாத ஹார்ட் டிஸ்க்குகளும் உண்டு. காற்றுக்கு விட்டிருக்கும் துளை வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். ஆனால் அரிசிப் பானைக்காரர் எஸ்எஸ்டி உட்பட நிறைய எஸ்எஸ்டி பிழைத்தது. போர்டு செத்துப் போயிருக்கும், எஸ்எஸ்டியை மட்டும் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் கல்யாண போட்டோவில் இருந்து கடைக் கணக்கு வரை அப்படியே இருக்கும். அன்றைக்கு வந்தவற்றில் ஒன்றுகூடப் பூட்டியிருக்கவில்லை.

அதே வெள்ளம் இப்போது வந்தால்? எஸ்எஸ்டி நல்லாத்தான் இருக்கும். டிபிஎம் செத்த போர்டோடு போயிருக்கும். மாட்டினால் 48 இலக்கம் கேட்கும்.

சரி, அந்தப் பெண் கதைக்கு வருவோம். ஆய்வேட்டில் மூன்று இயல்கள் நெறியாளருக்கு மெயிலில் அனுப்பியவை, கிடைத்துவிடும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற பெண்களிடம் எடுத்த ஒலிப்பதிவுகள் வேறு எங்கேயும் இல்லை. பென் டிரைவில் இல்லை, போனில் இடம் இல்லாமல் அழித்தாயிற்று. ஃபார்மேட் அடித்துக் கொடுத்தால் லேப்டாப் ஓடும், ஆனால் பாய்க்காரிகள் போய்விடுவார்கள்.

"செட்டப் பண்ணும்போது எந்த மெயில் போட்டீங்க?"

"கடையிலயே எல்லாம் பண்ணிக் குடுத்துட்டாங்க."

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கை நடுங்கும். கடைக்குப் போன் அடித்தோம். அந்தப் பையன் வேலையை விட்டுக் குவைத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். நம்பர் வாங்கி வாட்ஸாப்பில் பிடித்தேன். நல்ல பையன், மறைக்கவில்லை. "அண்ணே, சீசன்ல தெனம் நாலஞ்சு லேப்டாப் ஓப்பன் பண்ணுவேன். முக்காவாசிப் பேரு மெயிலே இல்லம்பாங்க, இல்லன்னா பாஸ்வேர்டு மறந்துட்டும்பாங்க. நீயே ஏதாச்சும் போட்டுக் குடுடேம்பாங்க. ஒரு ஐடி வச்சிருந்தேன், அதப் போட்டு முடிச்சு விட்ருவேன்." அவனை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அந்த ஐடிக்குப் பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் பழைய சிம்முக்கு ஓடிபி வரும். சிம் சேரன்மகாதேவியில் அவன் அம்மாவிடம். அவன் அங்கே டியூட்டியில் இருந்ததால் நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நம்பர் வந்திருக்கு. ஆனா சொல்ல மாட்டேன்யா. யாரு கேட்டாலும் சொல்லப்பிடாதுன்னு எம் மவன் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கான். நீங்க யாருன்னே தெரியாது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் நானும் இதைத்தானே சொல்கிறேன்! மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். ராத்திரி டியூட்டி முடிந்து மகனே கூப்பிட்ட பிறகுதான் சொன்னார். அதற்குள் அந்த நம்பர் காலாவதியாகி, இன்னொன்று அனுப்பி வாங்க வேண்டியதாயிற்று.

அவன் கணக்கைத் திறந்து, சாவி இருக்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். நீலத் திரையில் சாவிக்கு ஒரு அடையாள எண் காட்டும், அதன் முதல் எட்டு எழுத்தை வைத்து எது நம் சாவி என்று கண்டுபிடிக்கலாம். ஆறாவது வரியில் இருந்தது. எட்டுக் கூறையும் நான் வாசிக்க வாசிக்கத் தம்பிதான் தட்டினான். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் பார்த்துத் தட்டினான். திறந்தது. அந்தப் பெண் முதலில் ஒலிப்பதிவு ஒன்றைத்தான் போட்டுப் பார்த்தார். ஒரு ஆச்சி குரல், கோரையைக் கிழிக்கிறதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

உங்கள் லேப்டாப் இப்போது திறக்கிறது என்றால் வேலை லேசு. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ளே 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆனா ஆஃபா என்று பாருங்கள். ஆன் என்றால், செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் காட்டும் மெயில் உங்களுடையதா என்று பாருங்கள். உங்களுடையது என்றால், பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் அந்த 48 இலக்கத்தை எடுத்துப் பேப்பரில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். லேப்டாப்புக்குள்ளேயே சேமிக்காதீர்கள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டின கதையாகிவிடும், அப்படியும் ஒருவர் வந்தார். அடுத்தவர் மெயில் என்றால், முதலில் என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். முழுதாக அவிழ நேரம் எடுக்கும், சார்ஜரைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அப்புறம் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, திரும்ப ஆன் செய்தால் புதுச் சாவி உங்கள் கணக்குக்கு வரும்.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைகிற லேப்டாப்புக்கு அது கட்டாயம் வேண்டும், தொலைந்தால் பொருள் மட்டும்தான் போகும். கடையில் மேசையோடு கிடக்கிற கம்ப்யூட்டருக்கு நான் ஆஃப் செய்துதான் கொடுக்கிறேன். பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்னொரு நகல் வெளியே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்டிரைவ் இருக்கிறதே என்று இருக்க வேண்டாம், இலவசமாகத் தருவது 5 ஜிபிதான். அந்தப் பையன் கணக்கில் அது எப்போதோ நிரம்பிவிட்டது. யார் யார் டெஸ்க்டாப்போ அதில் கிடந்தது என்றான்.

அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் நான் கேட்டது ஒரு சாவி, வந்தது பதினான்கு. லேப்டாப்பின் பெயர், சாவி ஏறிய தேதி, 48 இலக்கம், வரிசையாக. எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு படத்தை அழித்துவிட்டேன். அவனை அந்தக் கணக்கை மூடவிடாமல் பிடித்துவைத்து, பட்டியலில் யார் யார் என்று யோசிக்கச் சொன்னேன். தேதியை வைத்து ஒவ்வொருவராக ஞாபகப்படுத்தினான். சேரன்மகாதேவி டீச்சர், பேட்டையில் ஒரு டிடிபி கடை, நர்சிங் படிக்கிற இரண்டு பிள்ளைகள். பத்துப் பேரைப் பிடித்து மெயிலை மாற்றச் சொல்லியாயிற்று. மிச்சம் மூன்று லேப்டாப்பின் பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. அவை யாருடையவை என்று அவனுக்கும் தெரியவில்லை.