ஏற்பி இருக்கும்போது ‘பெறுநர்’ எதற்கு?

சென்னையில் ஓர் உணவியல் கூட்டத்தில் கொடுத்த கையேட்டில், பக்கத்துக்குப் பக்கம் ‘செல் பெறுநர்கள்’. செல்லில் தனக்குப் பொருந்தும் பொருள் வந்து சேர்ந்ததும் வேலையைத் தொடங்கும் புரதம்தான் ‘ரிசெப்டர்’. அதற்கு இந்தத் தமிழாக்கத்தை இன்னும் எத்தனை முறை பொறுத்துக்கொள்வது?

‘ரிசெப்டர்’ என்பதன் மூலச்சொல் இலத்தீன்; அதன் பொருள் பெறுவது. ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக் 1900-இல் அதை நோய் எதிர்ப்பியலுக்குக் கொண்டுவந்தார்.

அப்படியானால் ‘பெறுநர்’ சரிதானே என்பார்கள். சரியில்லை. ஓட்டுநர், இயக்குநர் என்று ‘நர்’ ஈறு ஆட்களைக் குறிக்கிறது. கடிதத்தில் அனுப்புநருக்கு அடுத்து எழுதப்படுபவர் பெறுநர். உறுப்பு மாற்று அறுவை மிகுதியாக நடக்கும் இந்நகரில், மாற்றுச் சிறுநீரகம் பெறுபவரும் பெறுநர். ‘பெறுநரைத் தடுக்கும் மருந்து’ என்று எழுதினால் வாசிப்பவர் என்னவென்று புரிந்துகொள்வார்? மருத்துவத் தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமே தரக்கூடாது.

அறிவியல் தமிழில் ஏற்கெனவே புழங்கும் ‘ஏற்பி’ எவ்வளவு பொருத்தம்! கடத்தி, மின்மாற்றி போல ‘இ’ ஈறு பெற்ற சொல். ‘ஏல்’ என்ற வேருக்கு வாங்கிக்கொள்வது, பொருந்துவது என இரு பொருளும் உண்டு. ‘காலத்துக்கு ஏற்ற’ என்கிறோமே, அந்த ஏற்ற. ஏற்பியும் தனக்குப் பொருந்துவதைத்தான் பற்றும். ‘உணர்வி’ என்று சிலர் எழுதுவது தானியங்கிக் கதவுக்குப் போதும். ஏற்பி உணர்வதோடு நிற்பதில்லை.

செல்லுக்குள் இருக்கும் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். முட்டைகோஸில் இருந்து கிடைக்கும் ஓர் இண்டோல் சேர்மம் இரைப்பை அமிலத்தில் உருமாறி இதில் பொருந்துகிறது. உடனே ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் போய், இன்னொரு புரதத்துடன் இணைந்து மரபணுக்களை இயக்குகிறது. குடற்சுவரில் காவலிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் நிலைத்திருக்க இந்த ஏற்பி தேவை என்று 2011-இல் எலிகளில் கண்டறிந்தார்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளில் பிளாஸ்டிக் எரிந்தால் உண்டாகக்கூடிய டையாக்சின் என்ற நச்சும் இதே ஏற்பியைத்தான் பற்றுகிறது. டையாக்சின் எளிதில் சிதைவதில்லை, கேடு அங்கேதான்.

அந்தக் கையேடு இத்தனையையும் ‘முட்டைகோஸ் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று முடித்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு எல்லாமே ‘கூட்டும்’தான். பற்றும் பொருளுக்கும் சூழலுக்கும் ஏற்ப இந்த ஏற்பி அழற்சியைத் தூண்டும் டி செல்களையும் (நோய் எதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை) வளர்க்கும், அதை அடக்கும் டி செல்களையும் வளர்க்கும் என்று 2008-இலேயே ஆய்வுகள் காட்டின. தன் நோய் எதிர்ப்பாலேயே மூட்டு வீங்கித் துன்பப்படும் முடக்குவாத நோயாளி ‘கூட்டும்’ என்று படித்தால் முட்டைகோஸையே ஒதுக்கிவிட மாட்டாரா? ‘நெறிப்படுத்தும்’ என்று எழுத என்ன தடை?